மராமத்துச் செலவா, மறதியின் வட்டியா?

நெய்வேலி நகரியத்தில் இன்று நான்கு பேர் கூடினால் ஒரு பேச்சு எழுகிறது. ஷிப்டு முடிந்து வாயிலில் நிற்கும்போதும் எழுகிறது. டீக்கடை பெஞ்சிலும் எழுகிறது. சங்க அலுவலகத்திலும் எழுகிறது. பழைய குடியிருப்புகள், பள்ளிக்கூடங்கள், ஆஸ்பத்திரி, சமுதாயக் கூடங்கள் ஆகியவற்றை மராமத்துப் பார்க்கும் செலவு ஏறிக்கொண்டே போகிறதே, இதற்கு முடிவு எங்கே என்பதுதான் அந்தப் பேச்சு.

"எல்லாம் பழங்கட்டடம், இடித்துத் தள்ளிவிடலாம்" என்கிறார் ஒருவர். "வீட்டில் குடியிருப்பவனே பார்த்துக்கொள்ளட்டும், நிறுவனத்துக்கு ஏன் இந்தத் தலைவலி?" என்கிறார் இன்னொருவர். "செலவு செலவு என்கிறார்களே, பணம் சுவரில் ஏறுகிறதா, வேறு யாருடைய பையில் ஏறுகிறதா?" என்று கேட்கிறார் மூன்றாமவர். மூன்று பேரும் கோபத்தோடு பேசுகிறார்கள். மூவர் கோபத்துக்கும் காரணம் உண்டு. ஆனால் கோபம் கணக்கு ஆகாது. கணக்கைப் பார்ப்போம்.

நம் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். செலவு ஏறுகிறது என்பது உண்மை. ஆனால் அப்படி ஏறுவதில் பெரும்பகுதி மராமத்துச் செலவு அல்ல. காலத்தில் செய்யாமல் விட்ட மராமத்தின் வட்டி அது! கடனைத் தள்ளிப்போட்டவன் வட்டியைக் கண்டு அலறுவதில் பொருள் இல்லை. அசலை அடைக்கும் வழியைத்தான் அவன் தேட வேண்டும்.

பம்பை நிறுத்துவார்களா?

மராமத்து என்றால் என்ன என்பதை நெய்வேலித் தொழிலாளிக்கு எவரும் போதிக்கத் தேவையில்லை. நாட்டில் வேறு எந்தத் தொழிலாளியையும் விட அவன் அதை நன்கு அறிந்தவன்.

நெய்வேலிச் சுரங்கத்தின் கதை என்ன? பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் பெரும் அழுத்தத்தோடு ஊற்று நீர் நிற்கிறது. அந்த அழுத்தத்தைத் தணிக்காவிட்டால் சுரங்கத்தின் தரை பிளக்கும். வெள்ளம் மேலே பாயும். இயந்திரமும் மனிதனும் மூழ்க வேண்டியதுதான். ஆகவே சுரங்கத்தைச் சுற்றிக் கிணறுகள் இறக்கி, பம்பு வைத்து, இரவென்றும் பகலென்றும் பாராமல் நீரை இறைத்துக்கொண்டே இருக்கிறார்கள். தீபாவளியன்றும் பம்பு ஓடும், பொங்கலன்றும் ஓடும். "இந்த ஆண்டு செலவைச் சுருக்க வேண்டும், ஆகவே ஆறு மாதத்துக்குப் பம்பை நிறுத்தி வைப்போம்" என்று எந்த அதிகாரியாவது சொல்வாரா? சொன்னால் அவரை யாராவது நாற்காலியில் விட்டு வைப்பார்களா?

இன்னொன்று. நெய்வேலியின் முதல் அனல் மின் நிலையம் சோவியத் நாட்டின் துணையோடு எழுந்தது. அதன் முதல் யூனிட் 1962இல் மின்சாரம் தந்தது. 600 மெகாவாட் திறன் பெற்ற அந்த நிலையம் 2020 செப்டம்பர் 30ஆம் தேதிதான் தன் இறுதி மூச்சை விட்டது. ஐம்பத்தெட்டு ஆண்டு! அந்நிய நாட்டுப் பொறியியலாளர் வரைந்த இயந்திரம் தமிழ்த் தொழிலாளியின் கையில் அத்தனை காலம் உழைத்தது எப்படி? ஓவர்ஹால் என்றால் ஓவர்ஹால். குழாய் மாற்ற வேண்டுமென்றால் மாற்றம். எண்ணெய் விட வேண்டுமென்றால் எண்ணெய். இயந்திரத்துக்கு முறை தவறாமல் கவனிப்பு கிடைத்தது. ஆகவே அது வாழ்ந்தது.

இயந்திரத்துக்கு ஒரு நீதி, இயந்திரத்தை ஓட்டுபவன் உறங்கும் வீட்டுக்கு வேறொரு நீதியா? இதுதான் நம் கேள்வி. இந்தத் தலையங்கம் முழுவதும் இந்த ஒரு கேள்வியின் விரிவே.

பிறந்த கதை

நெய்வேலி தானாக முளைத்த ஊர் அல்ல. ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு வெட்டியபோது கறுப்பு மண் கிளம்பியதிலிருந்து அதன் கதை தொடங்குகிறது. காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில் அது திட்டமாக உருப்பெற்றது. 1956 நவம்பர் 14இல் நிறுவனம் பதிவாயிற்று. 1957 மே 20ஆம் தேதி நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961 ஆகஸ்டில் நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது. அந்த ஆண்டுகளில் எழுந்த முதல் வரிசை வீடுகளுக்கு இன்று வயது அறுபதைத் தாண்டிவிட்டது.

அந்த வீடுகள் எதற்காகக் கட்டப்பட்டன? தொழிலாளிக்குத் தருமம் செய்யவா? அல்ல. முந்திரிக் காடும் செம்மண்ணும் நிறைந்த வெளியில், மூன்று ஷிப்டும் ஆள் வர வேண்டுமானால், ஆள் பக்கத்திலே இருக்க வேண்டும். வீடு இல்லையேல் ஷிப்டு இல்லை. ஷிப்டு இல்லையேல் நிலக்கரி இல்லை. நிலக்கரி இல்லையேல் மின்சாரம் இல்லை. சுரங்கத்துக்குப் பெல்ட்டு எப்படியோ, நெய்வேலிக்கு நகரியம் அப்படி. அது உற்பத்தியின் ஓர் உறுப்பு. இதை மறந்தவர்கள்தான் நகரியச் செலவைத் "தண்டச் செலவு" என்று பேசுகிறார்கள்.

கம்பி பேசும் கணக்கு

கட்டடம் எப்படிக் கெடுகிறது என்பதைக் கொத்தனாரைக் கேளுங்கள். அவர் நான்கு வாக்கியத்தில் சொல்லிவிடுவார்.

மொட்டைமாடித் தளத்தில் ஒரு கீறல் விழுகிறது. மழைநீர் வடிகுழாயில் சருகு அடைத்துத் தண்ணீர் தேங்குகிறது. தேங்கிய நீர் கீறல் வழியே இறங்கிக் கம்பியைத் தொடுகிறது. கம்பி துருப்பிடித்து வீங்கி, தன்னை மூடிய கான்கிரீட்டைப் பிளந்து கீழே தள்ளுகிறது. இரும்பு துருவானால் முன்பிருந்ததைப் போல இரண்டு மடங்கு முதல் ஆறு மடங்கு வரை இடம் கேட்கும் என்கிறது விஞ்ஞானம். அதனால்தான் உத்தரத்தின் அடிப்பூச்சு பாளம் பாளமாக விழுகிறது. கைப்பிடிச் சுவரின் இடுக்கில் முளைத்த அரசங்கன்றும் இதே வேலையைத்தான் செய்கிறது. விரல் கனம் இருக்கும்போது பிடுங்கினால் ஒரு நிமிட வேலை. கை கனம் ஆனபின் சுவரையே பெயர்க்க வேண்டும்.

இதற்கு ஒரு கணக்கும் உண்டு. டி சிட்டர் என்ற பொறியியலாளர் 1984இல் கான்கிரீட் கட்டடங்களுக்கு "ஐந்தின் விதி" என்று ஒன்றைச் சொன்னார். கட்டும்போதே ஒழுங்காகச் செய்ய 1 ரூபாய் ஆகும் இடத்தில், கெடுதல் தொடங்குமுன் கவனிக்க 5 ரூபாய் ஆகும். தொடங்கிய பின் பழுதுபார்க்க 25 ரூபாய் ஆகும். முற்றிய பின் புதுப்பிக்க 125 ரூபாய் ஆகும். துல்லியமான வாய்ப்பாடு என்று இதை எவரும் பிடித்துக்கொள்ள வேண்டாம். போகும் திசையைப் பாருங்கள். ஐந்தோடு முடிய வேண்டியதை நூற்றிருபத்தைந்து வரை வளரவிட்டுவிட்டு, "ஐயோ, மராமத்துச் செலவு ஏறிவிட்டதே!" என்று புலம்புவது யாரை ஏமாற்ற?

நெய்வேலியின் வானிலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆண்டுதோறும் வடகிழக்குப் பருவமழை. அதற்கு மேல் புயல். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடலூர் மாவட்டத்தைச் சூறையாடியதை மறந்தவர் எவர்? முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. நெய்வேலியின் நிழல் மரங்களும் விழுந்தன. 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்து பெருமழை கொட்டியது. ஒவ்வொரு புயலும் ஒரு பரீட்சை. அக்டோபருக்கு முன் மாடியைப் பெருக்கி, குழாயைத் திறந்து, கீறலை அடைத்து வைத்த கட்டடம் தேறும். மற்றது தோற்கும். தோற்ற கட்டடத்தின் பில்தான் அடுத்த ஆண்டு "ஏறிய செலவு" என்று மேசைக்கு வருகிறது.

உயிரில் கொடுத்த விலை

பணத்தில் கொடுக்கும் விலையாவது கணக்கில் ஏறும். உயிரில் கொடுத்த விலையை எந்த ஏட்டில் எழுதுவது?

2017 அக்டோபர் 20. நாகை மாவட்டத்தில் அப்போது இருந்த பொறையாறு. அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையின் ஓய்வறை. பகலெல்லாம் பேருந்து ஓட்டிய தொழிலாளர் விடியற்காலை வண்டிக்காகக் கண் அயர்ந்திருந்தனர். விடியுமுன் கூரை இடிந்து விழுந்தது. எட்டுத் தொழிலாளர் மாண்டனர். ஓய்வெடுக்கச் சொல்லிக் கொடுத்த அறையே அவர்களுக்குச் சமாதியாயிற்று! பிறகு நிவாரணம் வந்தது, அமைச்சர்கள் வந்தார்கள், ஆய்வு உத்தரவு வந்தது. ஆய்வு முன்பே வந்திருந்தால் மற்ற எதுவும் வர வேண்டியிருந்திருக்காது.

2021 டிசம்பர் 17. திருநெல்வேலியில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றின் கழிப்பறைச் சுவர் சரிந்து மூன்று மாணவர்கள் மடிந்தனர். அதன்பின் மாநிலமெங்கும் பழுதான பள்ளிக் கட்டடங்களை இடிக்க உத்தரவு பறந்தது. இடித்தது சரியே. ஆனால் புதியது எழும் வரை மரத்தடியிலும் வாடகைக் கட்டடத்திலும் பிள்ளைகள் உட்கார நேர்ந்தது. ஆண்டுதோறும் செய்யாத வேலையை ஒரே மாதத்தில் செய்யப் புகுந்தால் அப்படித்தான் ஆகும்.

பத்தே நாள் கழித்து, டிசம்பர் 27இல், சென்னைத் திருவொற்றியூரில் குடிசை மாற்று வாரியம் 1993இல் கட்டிய குடியிருப்பில் 24 வீடுகள் கொண்ட ஒரு தொகுப்பு சரிந்து மண்மேடாயிற்று. முப்பது வயதுகூட நிரம்பாத கட்டடம்! ஓர் உயிர்கூடப் போகவில்லை. ஏன்? விரிசலைக் குடியிருந்தவர்கள் கண்டார்கள். ஒருவரை ஒருவர் எழுப்பிக்கொண்டு வெளியேறினார்கள். விரிசலை முதலில் காண்பவன் அங்கே குடியிருப்பவன்தான். தோழர்களே, இந்த ஒரு பாடத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இதன்மேல்தான் நம் கோரிக்கையைக் கட்டப் போகிறோம்.

2025 ஜூலை 25இல் ராஜஸ்தானத்து ஜாலாவார் மாவட்டம் பிப்லோடி கிராமத்தில் சர்க்கார் பள்ளியின் கூரை விழுந்து ஏழு பிள்ளைகள் இறந்தனர். வடக்கு, தெற்கு என்று வேற்றுமை இல்லை. தள்ளிப்போட்ட மராமத்து எந்த மொழி பேசும் பிள்ளையையும் கொல்லும்.

ஏழை நாட்டுக்கு மட்டும் உரிய நோய் என்றும் இதை நினைக்க வேண்டாம். உலகை ஆண்ட இங்கிலாந்தில் என்ன நடந்தது? 2023 ஆகஸ்டு 31ஆம் தேதி, கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நேரத்தில், நூற்றுக்கு மேற்பட்ட பள்ளிகளைப் பார்த்து "உங்கள் கட்டடத்தின் பகுதிகளைப் பூட்டுங்கள்" என்று அந்நாட்டுச் சர்க்கார் சொல்ல நேர்ந்தது. பல பத்தாண்டுகளுக்கு முன் போட்ட இலேசான கான்கிரீட் பலகை திடீரென்று முறியக்கூடும் என்று தெரியவந்ததே காரணம். அதற்கு இரண்டு மாதம் முன்புதான் அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் ஓர் அறிக்கை தந்தது. பள்ளிக் கட்டடங்களுக்கு ஆண்டுக்கு 530 கோடி பவுன் தேவை என்று கல்வி இலாகா கேட்டிருக்க, நிதி இலாகா சராசரி 310 கோடி பவுன்தான் ஒதுக்கிற்று என்று அது எடுத்துக்காட்டியது. மிச்சம் பிடித்தார்கள்! மிச்சம் பிடித்த பணம் பள்ளியின் பூட்டாகத் திரும்பி வந்தது.

நெய்வேலி நமக்குத் தந்த பாடமும் உண்டு. 2020 ஜூலை 1இல் இரண்டாவது அனல் மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்தது. ஆறு தொழிலாளர் அன்றே மாண்டனர். தீக்காயத்தோடு ஆஸ்பத்திரிக்குச் சென்றவர்களிலும் பலர் வீடு திரும்பவில்லை. அதே ஆண்டு மே 7இலும் அங்கே வெடிவிபத்து நேர்ந்திருந்தது. கொதிகலன் வேறு, கூரை வேறு என்பது நமக்குத் தெரியும். ஆனால் பாதுகாப்பு என்ற சொல்லை நெய்வேலித் தொழிலாளி உச்சரிக்கும்போது அவன் ஏட்டைப் பார்த்துப் பேசவில்லை. இழந்த தோழனை நினைத்துப் பேசுகிறான்.

பணம் எங்கே போகிறது?

இனி மூன்றாமவர் கேட்ட கேள்விக்கு வருவோம். செலவில் ஒரு பகுதி பொருளின் விலை. ஒரு பகுதி வரி. ஒரு பகுதி கூலி. ஒரு பகுதி கண்ட்ராக்டர் லாபம்.

வரியை எடுத்துக்கொள்ளுங்கள். 2017 முதல் 2025 செப்டம்பர் வரை சிமெண்டுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதம். ஏழையின் வீட்டுச் சுவருக்குப் பூசும் சிமெண்டுக்கு ஆடம்பரப் பொருளுக்குரிய வரி! 2025 செப்டம்பர் 22 முதல்தான் அது 18 சதவீதமாயிற்று. சர்க்கார் சார்ந்த கட்டட ஒப்பந்தங்கள் பலவற்றுக்கு 12 சதவீதமாக இருந்த வரி 2022இல் 18 ஆயிற்று. ஆக, பொதுக் கட்டட மராமத்துக்கு என்று எழுதும் தொகையில் ஒரு பங்கு சர்க்கார் கஜானாவுக்கே திரும்பிப் போகிறது. அதையும் தொழிலாளியின் வீட்டுச் செலவாகக் காட்டி அவன் தலையில் ஏற்றுவது என்ன கணக்கு?

பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். நெய்வேலியில் என்ன இல்லை? அனல் மின் நிலையத்திலிருந்து சாம்பல் கிடைக்கிறது. அந்தச் சாம்பலைச் செங்கல்லுக்கும் சிமெண்டுக்கும் பயன்படுத்த வேண்டும் என்று மத்திய சர்க்கார் 1999லேயே அறிவிக்கை போட்டுவிட்டது. சுரங்கத்தின் மேல்மண்ணிலிருந்து கட்டுமான மணல் எடுக்கும் ஆலையையும் நிறுவனமே அமைத்திருக்கிறது. மணல் உண்டு, சாம்பல் உண்டு, மின்சாரம் உண்டு, வேலை செய்யக் கை உண்டு. வெளியிலிருந்து வாங்க வேண்டியது குறைவு. உள்ளே திட்டமிட வேண்டியதே அதிகம்.

கூலியையும் லாபத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். இங்குதான் முடிச்சு இருக்கிறது. டெண்டர் முறையில் குறைந்த தொகை கேட்டவனுக்கு வேலை. அவன் எங்கே குறைப்பான்? சிமெண்டு மூட்டையில் குறைப்பான்; கலவையில் குறைப்பான்; சித்தாள் கூலியில் குறைப்பான்; சாரத்துக்குக் கட்டும் கயிற்றில் குறைப்பான். மேலே எடுத்தவன் கீழே ஒருவனுக்குக் கொடுக்க, அவன் இன்னொருவனுக்குக் கொடுக்க, கடைசியில் கரணை பிடிக்கும் கைக்கு வந்து சேருவது என்ன? வெள்ளை அடித்தால் கீறல் மறையும், அளவுப் புத்தகத்தில் ஏறும், பில் பாஸாகும். அடுத்த மழையில் அதே கீறல் அதே இடத்தில் சிரிக்கும். மறுபடி எஸ்டிமேட், மறுபடி டெண்டர்! ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, "தண்ணீர்ச் செலவு ஏறிவிட்டது" என்றால் குற்றம் தண்ணீர் மேலா, பானை மேலா?

ஒரு வட்டத்தின் வீடுகளை ஆண்டுக்கணக்கில் அறிந்த கொத்தனார், குழாய்க்காரர், எலெக்ட்ரீஷியன் நேரடிப் பணியில் இருந்தால் என்ன நடக்கும்? எந்த வீட்டின் எந்த மூலை ஒழுகும் என்று அவருக்குத் தெரியும். மழைக்கு முன்பே ஏணியோடு வந்து நிற்பார். அவர் செய்த வேலை கெட்டால் மறுநாள் அவரையே கேட்கலாம். டெண்டர் முடிந்து போன கண்ட்ராக்டரை எங்கே போய்த் தேடுவது? நேரடி வேலையாள் செலவு என்று நினைக்கிறவர்கள் ஐந்தின் விதியை ஒருமுறை திரும்பப் படிக்கட்டும்.

"ஊருக்கு ஆயுள் எவ்வளவு?"

சிலர் மெல்லிய குரலில் இன்னொரு வாதம் செய்கிறார்கள். "நிலக்கரி என்றென்றும் இருக்காது, பழைய மின் நிலையமே மூடியாயிற்று, நிரந்தரத் தொழிலாளர் எண்ணிக்கையும் குறைகிறது. தீரப்போகும் ஊருக்கு ஏன் செலவு?" என்பது அவர்கள் வாதம்.

இதைக் கேட்கும்போது வியப்பாக இருக்கிறது. 2023 ஜூலையில் வளையமாதேவியில் என்ன நடந்தது? சுரங்க விரிவுக்கான வாய்க்கால் வெட்ட, கதிர் பிடித்து நின்ற நெல் வயலில் இயந்திரத்தை இறக்கினார்கள்; நாடே பார்த்தது. உழவனிடம் நிலம் கேட்கும்போது பல பத்தாண்டு எதிர்காலத்தைக் காட்டுகிறார்கள். தொழிலாளி கூரை கேட்கும்போது மட்டும் எதிர்காலம் சுருங்கிவிடுகிறதே! கூரை ஏறிக் கோழி பிடிக்க மாட்டாதவன் வானம் ஏறி வைகுண்டம் போனானாம். இருக்கும் வீட்டைக் காக்க மாட்டாதவர்கள் புதிய சுரங்கத்தைக் காப்போம் என்றால் நம்புகிறவன் யார்?

பணம் இல்லையா? நிறுவனத்தின் நிகர லாபம் 2024-25ஆம் ஆண்டில் 2,700 கோடி ரூபாயைத் தாண்டிற்று. இலாபம் வரட்டும், வாழ்த்துகிறோம். பொதுத்துறை லாபம் ஈட்டுவது நம் கொள்கைக்குப் பெருமை. ஆனால் அந்த லாபத்தை ஈட்டியவன் தலைமேல் ஒழுகக் கூடாது.

பொதுச் சொத்து என்ற எண்ணம் தமிழகத்துக்குப் புதிதல்ல. 2006இல் நெய்வேலிப் பங்கை விற்க முனைந்தபோது தமிழகம் எதிர்த்து நின்றது, முடிவு கைவிடப்பட்டது. 2013இல் மறுபடி விற்க வந்தபோது தமிழக அரசின் நிறுவனங்களே 3.56 சதவீதப் பங்கை வாங்கிக்கொண்டன. ஆயினும் 2024 மார்ச்சில் மத்திய சர்க்கார் மேலும் ஒரு பகுதியைச் சந்தையில் விற்றது. பங்கை விற்காதே என்று போராடியவர்கள் நாம். காகிதத்தில் இருக்கும் பங்கைக் காக்க இத்தனை போராட்டம் என்றால், கல்லிலும் சுண்ணாம்பிலும் நிற்கும் சொத்தைக் காக்க எத்தனை போராட வேண்டும்! பாழடைந்த சொத்தை அடிமாட்டு விலைக்குக் கேட்க எவரும் வரலாம். நல்ல நிலையில் இருக்கும் சொத்தை அப்படிக் கேட்க முடியாது. மராமத்தும் பொதுத்துறைப் பாதுகாப்பே.

யாரைக் கேட்பது?

சிதம்பரத்தில் சாக்கடை அடைத்தால் நகரசபை உறுப்பினரைப் பிடித்துக் கேட்கலாம். நெய்வேலி நகரியத்தில் யாரைக் கேட்பது? நகரியத்தை நடத்துவது நிறுவனத்தின் நகர நிர்வாகம்; வாக்குப் போட்டுத் தேர்ந்தெடுத்த சபை அல்ல. அரசியல் சட்டத்தின் 74ஆவது திருத்தம் தொழில் நகரியங்களுக்கு நகரசபை இல்லாமலும் இருக்க இடம் கொடுத்துவிட்டது. 2011 முதல் நெய்வேலி என்ற பெயரில் சட்டசபைத் தொகுதி உண்டு. சட்டசபைக்கு ஆளை அனுப்பலாம். ஆனால் வீட்டுக் கூரையைப் பற்றிக் கேட்க வட்டத்துக்கு ஒரு பிரதிநிதி இல்லை!

கேள்வி கேட்க ஆள் இல்லாத இடத்தில் செலவு ஏறும், பழுதும் ஏறும். 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டம் பொதுத்துறைக்கும் பொருந்தும். எவரும் கேட்காமலே வரவு செலவையும் வேலைப் பட்டியலையும் வெளியிட வேண்டும் என்பது அதன் நான்காம் பிரிவு. ஆகவே நாம் சலுகை கேட்கவில்லை. சட்டம் கொடுத்ததைக் கேட்கிறோம்.

நம் பக்கமும் ஒரு வார்த்தை

குடியிருப்போருக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கேட்கக் கசந்தாலும் சொல்ல வேண்டும்.

மொட்டைமாடியில் பழைய சாமானைக் குவித்து வடிகுழாயை அடைப்பது யார்? கேட்காமல் சுவரை உடைத்து அலமாரி வைப்பது யார்? சாக்கடையில் குப்பையைத் தள்ளுவது யார்? "கம்பெனி வீடுதானே" என்ற சொல் நம் வாயிலிருந்து வரக் கூடாது. கம்பெனி வீடல்ல, நம் வீடு. நாளை இன்னொரு தொழிலாளி குடிவரும் வீடு. ஏரியையும் வாய்க்காலையும் ஊரே கூடித் தூர்வாரிக் குடிமராமத்து செய்த மக்களின் வழிவந்தவர்கள் நாம். பொது என்றால் எவருக்கும் இல்லாதது என்று பொருளா? எல்லோருக்கும் உரியது என்று பொருள்.

சங்கத் தோழர்களுக்கும் ஒன்று. தனக்கு வேண்டியவன் டெண்டர் எடுத்தால் கலவையைப் பார்க்காமல் இருப்பது, வேண்டாதவன் எடுத்தால் மட்டும் கூச்சல் போடுவது என்ற பழக்கம் எந்தச் சங்கத்துக்கும் கூடாது. கலவைக்குக் கொடியின் நிறம் தெரியாது. கெட்ட கலவை எந்தக் கொடியின் கீழ் பூசினாலும் விழும்.

நாம் கேட்பது

ஒன்று. நகரியத்தின் ஒவ்வொரு பொதுக் கட்டடத்துக்கும், குடியிருப்பு வரிசைக்கும் உறுதிச் சோதனை நடத்தி, உடனே வெளியேற்ற வேண்டியது, பழுதுபார்க்க வேண்டியது, நன்றாக இருப்பது என்று மூன்று பட்டியல் போட்டு வட்டந்தோறும் ஒட்ட வேண்டும். பள்ளியும் ஆஸ்பத்திரியும் தொழிலாளர் ஓய்வறையும் முதலில்.

இரண்டு. ஆண்டுதோறும் செப்டம்பர் முடிவதற்குள் மழைக்கு முந்திய மராமத்து முடிய வேண்டும். பம்புச் செலவைப் போல் இதுவும் கைவைக்கக் கூடாத ஒதுக்கீடாக வேண்டும்.

மூன்று. அன்றாட மராமத்துக்கு வட்டந்தோறும் நேரடி வேலைக் குழு வேண்டும். பெரிய வேலைக்குக் கண்ட்ராக்டு என்றால், செய்த வேலை குறித்த காலத்துக்குள் கெட்டால் அவன் செலவிலேயே திருத்தும் நிபந்தனை வேண்டும். சாரம் ஏறும் ஒவ்வொருவருக்கும் பாதுகாப்புப் பட்டையும் சட்டப்படிக் கூலியும் வேண்டும்.

நான்கு. வட்டந்தோறும் குடியிருப்போர் குழு. அதில் பெண்கள் கட்டாயம் இருக்க வேண்டும். ஒழுகும் சமையலறையை அறிந்தவர்கள் அவர்களே. பில் பாஸாகும் முன் அந்தக் குழுவின் கையெழுத்து வேண்டும்.

ஐந்து. காலியாகக் கிடக்கும் வீடு விரைவில் பாழாகும். ஆள் புழங்கும் வீடு நிலைக்கும். உறுதியான காலி வீடுகளை, நகரியத்துக்கு வெளியே கூரை தேடி அலையும் ஒப்பந்தத் தொழிலாளருக்கு ஒதுக்க வேண்டும். ஒரே சுரங்கத்தில் ஒரே தூசியைக் குடிப்பவர்களில் ஒருவனுக்கு வீடு, ஒருவனுக்கு வீதி என்பது எப்படி நியாயமாகும்?

ஆறு. உண்மையிலேயே ஆயுள் முடிந்த கட்டடத்தை இடிக்கட்டும், தடுக்க மாட்டோம். ஆனால் மாற்று வீட்டின் சாவி கைக்கு வந்த பிறகே கடப்பாறை சுவரைத் தொட வேண்டும்.

இவற்றில் எது பேராசை? எது நடவாத காரியம்? பூமியின் அடியிலிருந்து எழும் வெள்ளத்தை அறுபது ஆண்டாக அடக்கி வைத்திருக்கும் ஊருக்கு, மேலிருந்து சொட்டும் மழைத்துளியை அடக்கத் தெரியாதா? திறமை இல்லாமல் இல்லை, பணம் இல்லாமல் இல்லை, அக்கறைதான் வேண்டும். அக்கறை தானாக வராத இடத்தில், கேட்கிற குரல் அதைக் கொண்டு வரும்.

தோழர்களே! அடுத்த பருவமழைக்கு முன் ஒவ்வொரு வட்டத்திலும் கூடுங்கள். மாடியில் ஏறிப் பாருங்கள். கீறலை எண்ணுங்கள், வீட்டு எண்ணோடு எழுதுங்கள், நகர நிர்வாகத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். விரிசலை முதலில் காண்பவன் குடியிருப்பவன். அவன் கண்டதை முதலில் சொல்ல வேண்டியவன் தொண்டன். சொல்லியும் செய்யாவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பது நெய்வேலித் தொழிலாளிக்குத் தெரியும்.